எட்டு என்கிற பூனையும் பத்து மணி வெயிலும்

போடியில் வெயிலைக் கொஞ்சமும் நம்பாத கூட்டம் ஒன்று உண்டென்றால் அது ஏலக்காய்க்காரர்கள்தான். மலையிலிருந்து பச்சைப்பசேலென்று இறங்கி வருகிற காய், வெளிச்சத்தில் கிடந்தால் நிறம் விட்டுவிடும். வெளுத்த காய்க்கு மணம் இருக்கலாம், மரியாதை கிடையாது. ஆகவே சாக்குக்குள் கறுப்புப் பாலிதீன் வைப்பார்கள். மூட்டை அடுக்குகிற கிட்டங்கிக்கு ஜன்னல் வைக்க மாட்டார்கள், வைத்தாலும் திறக்க மாட்டார்கள். பெற்ற பிள்ளைகளை உச்சி வெயிலில் டியூஷனுக்கு அனுப்பிவிட்டு, காயை மட்டும் இருட்டில் வைத்துத் தாலாட்டுகிற ஊர் அது.

அந்த ஊரில், ஜெபராணி அம்மாளின் ஏலக்காய்க் கிட்டங்கியில், இருபத்தாறு வருடமாகக் காய் தரம் பிரிக்கிறவர் ராக்கப்பன். வயது ஐம்பத்து நான்கு. கிட்டங்கியில் கண்ணாடி போட்ட ஜன்னல் ஒன்றே ஒன்றுதான், அது இவருக்காக வடக்குப் பார்த்து வைத்தது. பச்சையைப் பார்க்க வடக்கு வெளிச்சம்தான் சரி, அதில் பொய் கிடையாது என்பார். அந்த ஜன்னலடியில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, காயைப் பரப்பி, கண்ணைப் பாதி மூடிக்கொள்வார். புதிதாக வந்தவர்கள் ஆள் தூங்குகிறார் என்று நினைப்பார்கள். பழகியவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் விரல்கள் மட்டும் நடந்துகொண்டே இருக்கும். சொத்தை ஒருபக்கம், வெடித்தது ஒருபக்கம், வெளுத்தது ஒருபக்கம்.

மற்றவர்களுக்குப் பச்சை ஒன்று. அவருக்குப் பதினொன்று. மழைக்கு மறுநாள் பச்சை, கிளிக்குக் கோபம் வந்த பச்சை, குளத்தடிப் பச்சை, கல்யாணத்துக்கு வந்துவிட்டுச் சாப்பிடாமல் போகிறவர் முகத்துப் பச்சை என்று அவராக வைத்த பெயர்கள். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிப் பட்டம் வாங்கியிருந்தால் தேனியில் பலகை மாட்டியிருப்பார். எழுதவில்லை. அவர் பெயரில் எழுதப்பட்டது என்று உலகத்தில் அநேகமாக எதுவும் இல்லை. வீடு மனைவி சங்கிலியம்மாள் பெயரில். வண்டி மச்சினன் பெயரில். செல்போன் சிம்கூட மகள் பெயரில். இந்தப் பள்ளத்தாக்கில் அவர் பாட்டுக்கு, மேகம் போடிமெட்டுக்கு இறங்கி வந்து போவதைப் போல, யாருக்கும் தொந்தரவில்லாமல் இருந்தார்.

ஒன்பது வருடங்களுக்கு முன் சாக்குகளுக்குப் பின்னால் ஒரு பூனை குட்டி போட்டது. மூன்றைத் தூக்கிக்கொண்டு போய் நான்காவதை மறந்துவிட்டது. அந்த நான்காவது, உப்பைக் கொட்டியது போல முழு வெள்ளை. கண்ணில் குட்டி நீலம் தெளிந்தபோது பார்த்தால் அசல் பச்சை. சல்லடையில் எட்டு மில்லிமீட்டர் ஓட்டையில் விழாமல் மேலே நின்றுவிடுகிற காய்தான் ஏலக்காயில் ராஜா. ராக்கப்பன் அதற்கு எட்டு என்று பேர் வைத்தார். அது யாருடைய பூனை என்று யாரும் கேட்கவில்லை. கிட்டங்கிப் பூனை, அவ்வளவுதான்.

ஆறு வருடம் அது சாக்குகளின் மேல் தூங்கியது. பிறகு ஒரு நாள் ராக்கப்பன் தன் யோக்கியத்தால் அதற்கு வினை வைத்தார். எட்டு மில்லிமீட்டர் குவியலுக்குள் ஒரு வெள்ளை ரோமத்தைக் கண்டார். வேறு ஆளாக இருந்தால் ஊதித் தள்ளியிருப்பான். இவர் அதை இரண்டு விரலில் பிடித்து, நெருப்பைக் கொண்டுபோவது போலக் கொண்டுபோய் ஜெபராணி அம்மாள் மேசையில் வைத்தார். வெளிநாட்டுக்குப் போகிற காய். அந்த அம்மாள் ஞாயிற்றுக்கிழமை கர்த்தருக்கும் மற்ற ஆறு நாளும் தரத்துக்கும் பயந்து நடக்கிறவர். அன்றே உத்தரவு பிறந்தது. காலையில் கதவு திறந்ததிலிருந்து மாலையில் பூட்டுகிறவரை பூனைக்கு உள்ளே இடமில்லை.

எட்டு வழக்காடவில்லை. லாரி நிற்கிற இடத்துக்கு மேலே போட்டிருந்த தகரக் கூரையில் ஏறியது. அது ராக்கப்பனின் ஜன்னலுக்கு நேர் எதிரே. பத்து மணிக்குத் தகரம் சூடேறும். பூனை மல்லாந்து படுத்து, நான்கு கால்களையும் நான்கு திசைக்குக் கொடுத்துவிட்டுத் தூங்கும். காற்றெல்லாம் ஏலக்காய் வாசம். வெயில், பாலைக் காய்ச்சி ஊற்றியது போல அதன்மேல் வழியும். உள்ளே கறுப்புப் பாலிதீனுக்குள் காயும், வெளியே வெட்டவெளியில் பூனையுமாக மூன்று வருடம் ஓடியது. இருபத்தாறு வருடமாக வெயிலை உள்ளே விடாமல் காவல் காத்த மனிதர், அந்தப் பூனையைப் பார்த்துப் பார்த்து, அடுத்த பிறவி ஒன்று கிடைத்தால் ஒரு தகரமும் கூடவே கிடைக்க வேண்டும் என்று கனாக் கண்டுகொண்டிருந்தார்.

முதலில் இரண்டு காதுநுனியும் சிவந்தது. வெற்றிலை போட்ட உதட்டோரம் போல ஒரு கோடு. பிறகு பொருக்குத் தட்டியது. பொருக்கு உதிர்ந்தால் ரத்தம் பொட்டு வைக்கும். காதோரம் மெல்ல உள்பக்கம் சுருண்டது.

கடைத்தெருவே வைத்தியம் பார்க்கத் திரண்டது. டீக்கடைக்காரர் சண்டைக் காயம் என்றார். லோடு ஏற்றுகிறவர்கள் உடம்புச் சூடு என்றார்கள். கண்ணேறு என்று ஒருவர், செல்போன் டவர் என்று இன்னொருவர். எல்லாரும் தகரத்தின் கீழே நிழலில் நின்றுகொண்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டே காரணம் தேடினார்கள். ஒருவர்கூட அண்ணாந்து பார்த்து வெயிலைக் குற்றம் சொல்லவில்லை. தினமும் வருகிறவர்மேல் யாருக்குச் சந்தேகம் வரும்?

சங்கிலியம்மாள் மட்டும் வைத்தியம் சொன்னார். நல்லெண்ணெய் தேய்த்து இளவெயிலில் காயவிட்டால் எந்தச் சூடும் இறங்கிவிடும். ராக்கப்பன் தன் கணக்குப்படி சனிக்கிழமை எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தார்.

“சனிக்கெழம ஆம்பளைகளுக்கு,” என்றார் சங்கிலியம்மாள். “அது பொட்டப் பூனை. வெள்ளிக்கெழம தேய்ங்க.”

முறை தவறக்கூடாது. வெள்ளிக்கிழமை தோறும் எட்டின் இரண்டு காதுக்கும் எண்ணெய் மணக்க மணக்கத் தேய்த்து, தகரத்தில் விட்டார். இளவெயில் எங்கே முடிகிறது என்று பூனைக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அது பத்து மணியைத் தாண்டி, பன்னிரண்டைத் தாண்டி, காதுகள் மினுமினுக்கத் தூங்கியது.

ஆறு மாதம் போனது. ஒரு நாள் மத்தியானம், கையில் காயும் கண்ணில் பூனையுமாக இருந்தபோது, அவருடைய தொழில் அவரை உலுக்கி எழுப்பியது. ஆறுகிற புண் நிறம் மாறும். சிவப்பு கறுக்கும், கறுத்தது உதிரும், உதிர்ந்த இடம் வெளிறும். இந்தக் காது ஆறு மாதமாக அதே இடத்தில் அதே சிவப்பில் நிற்கிறது. மாறாத நிறம் எதுவோ அதில் கோளாறு. பதினொரு பச்சை தெரிந்தவருக்கு ஒரு சிவப்பு புரிய ஆறு மாதம் ஆகியிருக்கிறது. காயை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார். பலகைமேல் காயைப் போட்டுவிட்டு அவர் எழுந்து யாரும் பார்த்ததில்லை.

திராட்சை ஏற்றுகிற பிளாஸ்டிக் டிரே இரண்டை வாயோடு வாய் வைத்துக் கட்டி, அதற்குள் எட்டை வைத்து, தேனிக்கு பஸ் ஏறினார். கண்டக்டர் என்ன பழம் என்று கேட்டார். பழமே பதில் சொல்லியது.

தேனியில் நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கிறவர் டாக்டர் பிரின்சி. முப்பது வயதிருக்கும், தேனிப் பக்கத்துப் பெண்தான். காதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஆறு மாதமாக ஆறாத புண்ணைச் சண்டைக் காயம் என்று சொன்னது யாரென்று கேட்டார்.

“கடைத்தெருவுல எல்லாருந்தான் சொன்னாக.”

“அவுக எந்தக் காலேஜ்ல படிச்சாக?”

டாக்டர் விரலைத் துடைத்துக்கொண்டே, காதில் இதென்ன பிசுபிசுப்பு என்று கேட்டார். நல்லெண்ணெய் என்றார் இவர். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை.

“வெள்ளிக்கெழமை ஏன்?”

“பொட்டப் பூனைங்க, டாக்டரம்மா.”

மாஸ்க்குக்குள் டாக்டர் என்ன செய்தார் என்பது தெரியவில்லை, கண்கள் மட்டும் கொஞ்ச நேரம் இடுங்கியிருந்தன. பிறகு, பத்து மணிக்கு மேல் இது எங்கே இருக்கும் என்று கேட்டார்.

“தகரத்து மேல. நல்லா சொகமாத் தூங்கும்” என்ற ராக்கப்பன், சொல்லி முடிக்கும்போதே வாசலில் கிடந்த வெயிலைப் பார்த்தார்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. பார்த்த அளவில் புற்றுநோய்தான், வெட்டி அனுப்பிப் பார்த்தால் நிச்சயமாகத் தெரியும் என்றார். வெள்ளைப் பூனைக்குத் தோலிலும் நிறம் கிடையாது, வெயிலைத் தடுக்க உள்ளே ஆள் இல்லை. காதுநுனி, மூக்கு, கண்ணிமை என்று மயிர் குறைந்த இடத்தில் வருடக்கணக்காக வெயில் விழுந்தால் இப்படி ஆகும். காதை நுனியோடு எடுத்துவிட்டால், வேறெங்கும் போகாமலிருந்தால், இன்னும் பல வருடம் இருக்கும். விட்டுவைத்தால் காதுக்குழி வரை தின்றுகொண்டு போகும்.

ராக்கப்பன் அந்த வியாதியின் பெயர் எட்டின் காதில் விழுந்ததா என்று பார்த்தார். ஊரில் பெரியவர்களே அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்வதில்லை. “கட்டி” என்பார்கள், “அது” என்பார்கள், மதுரைக்குப் போய் வருவதாகச் சொல்வார்கள். பூனைக்குமா அது வரும் என்று கேட்டார்.

வரும் என்றார் டாக்டர். நாய்க்கும் வரும், வயதானால் இன்னும் வரும். பேசிக்கொண்டே எட்டின் வயிற்றில் முலைக்காம்புகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். ராக்கப்பன் சொன்ன கணக்கில் ஏழு ஈத்து ஈன்றிருக்கிறது, சின்ன வயதிலேயே கருத்தடை செய்திருந்தால் இந்த இடத்தில் கட்டி வரும் ஆபத்து பெரும்பாலும் போயிருக்கும். இப்போதைக்கு ஒன்றுமில்லை, மாதம் ஒருமுறை நீங்களே தடவிப் பாருங்கள், பயறு அளவு தட்டுப்பட்டாலும் கூட்டிவாருங்கள் என்றார். ராக்கப்பன் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் தெரிந்த விரல்கள்.

“வீட்ல, கடைல பீடி, சிகரெட் யாரும் குடிக்கிறாகளா?”

“நாந்தான். மத்தியானம் ரெண்டு பீடி. அது சோத்துக்கு எறங்கி வந்து பக்கத்துல சும்மா படுத்திருக்கும்.”

“புகை எல்லாம் ரோமத்துல படியும். அது நாள் பூரா ரோமத்த நக்கும். நீங்க ஊதுறத அது திங்குது, அண்ணே. அதனாலயும் புத்து வரலாம்.”

சங்கிலியம்மாள் முப்பது வருடம் அழுதும், சண்டை போட்டும், வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு நேர்ந்தும் விடாத பீடிக்கட்டு, அந்த அறையின் குப்பைக்கூடையில் சத்தமில்லாமல் விழுந்தது. அம்மன் இதைத் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டாரா என்பது தெரியவில்லை.

கடைசியாக, வெயில் படாமல் இருக்க ஏதாவது கிரீம் தடவலாமா என்று கேட்டார். மனிதர்கள் போடுகிற எதையும் தடவக்கூடாது, நக்கி விஷமாகும் என்று டாக்டர் விரலை ஆட்டிச் சொன்னார். மறுநாள் வெறும் வயிற்றோடு கூட்டிவரச் சொன்னார்.

மறுநாள் ஒரு தாளை நீட்டினார்கள். மயக்க மருந்துக்குச் சம்மதம். உரிமையாளர் என்ற இடத்தில் கோடு.

“இது கிட்டங்கிப் பூனைங்க.”

“கிட்டங்கி வந்து கையெழுத்துப் போடுமா?” என்றார் டாக்டர்.

எட்டு, டிரேயின் ஓட்டை வழியே பார்த்துக்கொண்டிருந்தது. ராக்கப்பன் பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக, நிறம் பார்த்துப் பொறுக்கி எடுப்பது போலத் தன் பெயரை எழுதினார். வயது ஐம்பத்து நான்கில் அவருக்கென்று ஒரு சொத்து ஏற்பட்டது. அதைக் கதவுக்குப் பின்னால் கொண்டு போய்விட்டார்கள்.

வெளி பெஞ்சில் உட்கார்ந்தவர், எப்போதும்போல் கண்ணைப் பாதி மூடினார். விரலுக்கு வேலை இல்லாததால் மீதிக் கண்ணும் மூடிக்கொண்டது. கனவில் போடி ஊரே ஒரு பெரிய சல்லடையில் கிடந்தது. யாரோ மலைக்கு அந்தப் பக்கமிருந்து அசைக்கிறார்கள். டீக்கடைக்காரர் விழுந்தார், லோடுமேன்கள் விழுந்தார்கள், ஜெபராணி அம்மாள் கணக்குப் புத்தகத்தோடு விழுந்தார். ராக்கப்பனும் ஒரு ஓட்டை வழியே பஞ்சு மாதிரி இறங்கினார். பயமாக இல்லை. கீழே எல்லாம் குளத்தடிப் பச்சை. அண்ணாந்து பார்த்தால், சல்லடையின் மேல் எட்டு மட்டும் நின்றிருந்தது. அதற்குப் பின்னால் சூரியன். அதன் காதுகள் இரண்டும் வெளிச்சத்தில் கரைந்துகொண்டிருந்தன, உப்பு கரைவது போல. இறங்கு, இறங்கு என்று கத்தினார். வாயிலிருந்து ஏலக்காய் மணம்தான் வந்தது.

டாக்டர் தோளைத் தட்டி எழுப்பினார். முடிந்தது. வெட்டியதைப் பரிசோதனைக்கு அனுப்பியாகிவிட்டது, பத்து நாளில் தெரியும்.

எட்டு கழுத்தில் பிளாஸ்டிக் புனலோடு ராக்கப்பன் வீட்டுக்கு வந்தது. நுனி போன காதுகளோடு அது பூனையா கரடிக்குட்டியா என்று சொல்ல முடியவில்லை. சங்கிலியம்மாள் ரொம்ப நேரம் பார்த்தார்.

“காதுகுத்துனா தாய்மாமன் மடியில ஒக்காரணும். நீங்க அதுக்கு என்ன மொறை?”

சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தார். எண்ணெய்க் கிண்ணம் அலமாரியின் பின்பக்கத்துக்குப் போனது. வெள்ளிக்கிழமை அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

பன்னிரண்டாம் நாள், பலகையில் காய் பரப்பியிருந்தபோது மகள் பெயரிலிருந்த போனில் அறிக்கை வந்தது. இங்கிலீஷ். ராக்கப்பன் எடுத்துக்கொண்டு ஜெபராணி அம்மாளிடம் போனார். அந்த அம்மாள் கண்ணாடியைப் போட்டு, வசனம் வாசிக்கிறவர் போல முதலிலிருந்து மெதுவாகப் படித்தார். பாதியில் முகம் இறுகியது. இவருக்கு அந்த அறையின் பச்சைகள் எல்லாம் ஒன்றாகிப் போயின.

“புத்துத்தான் ராக்கப்பண்ணே,” என்றார். மேலே படித்தார். “ஆனா வெட்டுன ஓரத்துல ஒண்ணும் இல்லையாம். ஓரம் சுத்தமாம்.”

“ஓரம் சுத்தம்னா உள்ள?”

இது சாம்பிள் பார்த்து மூட்டை வாங்குகிறவர்களின் கேள்வி. ஜெபராணி அம்மாளே டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டார். நல்ல செய்திதான். அநேகமாக முழுதும் வந்துவிட்டது. ஆனால் காலை பத்திலிருந்து சாயங்காலம் நாலு வரை வெயிலில் விடவே கூடாது, இனி மூக்கில் ஆரம்பித்தால் மூக்கைக் காதைப் போலச் சுலபமாக வெட்ட முடியாது என்று டாக்டர் சொன்னாராம்.

இங்கேதான் சிக்கல். டாக்டர் சொன்னது பூனைக்குத் தெரியாது. புனலைக் கழற்றிய அன்றே எட்டு வீட்டு ஓட்டின் வழியாக ஏறி, கூரை கூரையாகக் கடைத்தெருவைத் தாண்டித் தகரத்துக்கு வந்து சேர்ந்தது. ஏலநாற்றுக்குக் கட்டுகிற பச்சை நிழல்வலையை ராக்கப்பன் தகரத்தின் மேல் கட்டினார். எட்டு வந்து பார்த்தது, வலையைச் சுற்றி ஒருமுறை நடந்தது, வலை முடிகிற இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி வெயிலில் படுத்தது. வலையை ஒரு சாண் நகர்த்தினார். பூனையும் ஒரு சாண் நகர்ந்தது. கூரையில் கொஞ்ச நாள் இந்த விளையாட்டு நடந்தது. வீட்டில் பூட்டி வைத்தார். மூன்று நாள் அது போட்ட சத்தத்தில் தெருவே தூங்கவில்லை. நாலாம் நாள் யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். யாரென்று ராக்கப்பன் விசாரிக்கவில்லை, அவருக்கும் தூக்கம் தேவைப்பட்டது.

அதற்குக் கிட்டங்கிக்குள்ளேயே இடம் வேண்டும். பிறந்த இடம், சாக்கு, இருட்டு. இருபத்தாறு வருடத்தில் முதலாளியிடம் எதையும் கேட்டிராத மனிதர் மேசை முன் போய் நின்றார். ஜெபராணி அம்மாள் லீவு என்று நினைத்து நாட்காட்டியைப் பார்த்தார்.

“எட்டு பகல்ல உள்ள இருக்கணும்மா.”

“ரோமம்?”

“நான் பாத்துக்கிறேன்.”

“மூணு வருசத்துக்கு முந்தி அந்த ரோமத்தக் கொண்டாந்து இந்த மேசைல வச்சது யாரு?”

“நாந்தாம்மா.” அந்தக் கேள்விக்கு அவர் மூன்று வருடமாகத் தயாராக இருந்தவர் போலிருந்தது. “காயி வெளுத்துறக் கூடாதுன்னு இருட்டுல வைக்கிறோம். அது வெளுத்தே பொறந்துருச்சு. அதயும் கொஞ்சம் இருட்டுல வைப்போம்மா.”

ஜெபராணி அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை. பிறகு, வியாபாரிக்கு உரிய முகத்தோடு நிபந்தனைகள் வந்தன. காலிச் சாக்கு அறையில் மட்டும். கதவு சாத்தியிருக்க வேண்டும். உள்ளே விடுமுன் தினமும் சீப்புப் போட்டு வார வேண்டும். காயில் இன்னொரு ரோமம் கிடந்தால் அன்றோடு சரி, பூனை வெளியே.

இப்போது பத்து அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது ராக்கப்பன் வாசல்படியில் உட்கார்ந்து பூனைக்குத் தலை வாருகிறார். லோடுமேன்கள் பூ வைக்கவில்லையா என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். மாதம் பிறந்தால் வயிற்றைத் தடவிப் பார்க்கிறார், மூக்கின் நிறத்தை வடக்கு வெளிச்சத்தில் பார்க்கிறார். மூக்குக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார், யாருக்கும் சொல்வதில்லை. பிறகு எட்டு, காதில்லாத ராணி போல நடந்து, சாக்கு அறைக்குள் போய் இருட்டில் சுருண்டுகொள்கிறது. ஜன்னலுக்கு வெளியே தகரத்தில் வெயில் மட்டும் மல்லாந்து கிடக்கிறது.

போன வாரம் எட்டு மில்லிமீட்டர் காய் வந்தது. மழைக்கு மறுநாள் பச்சை. ராக்கப்பன் கண்ணைப் பாதி மூடி, விரல்களை நடக்கவிட்டார். குவியலின் நடுவில் விரல் நின்றது. ஒரு வெள்ளை ரோமம்.

இரண்டு விரலில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அது மினுமினுத்தது. மேசைப் பக்கம் பார்த்தார். ஜெபராணி அம்மாள் போனில் யாரிடமோ தரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். சாக்கு அறைக்குள்ளிருந்து மெல்லிய குறட்டை வந்தது.

ராக்கப்பன் அந்த ரோமத்தைச் சட்டைப் பையில், முன்பு பீடிக்கட்டு இருந்த இடத்தில், பத்திரமாக வைத்துக்கொண்டார். குவியலை இன்னொரு முறை, ஒவ்வொரு காயாக, கண்ணை முழுதும் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தார்.